பிரெஞ்சில் வயது: சுங்கை சிப்புட் அக்காவுக்கு

அக்கா, உங்கள் மகள் தன் வயதை ‘ஜ சுய் தி-செத்’ (நான் பதினேழு) என்று எழுதியதால்தான் மதிப்பெண் போயிருக்கிறது. ‘ஜே தி-செத் ஆன்’ (எனக்குப் பதினேழு ஆண்டுகள் உண்டு) என்பதே சரி. தமிழிலும் ‘நான் பதினேழு’ என்பதில்லையே, ‘எனக்குப் பதினேழு வயது’தானே? ஆங்கில வழியில் யோசிக்க வேண்டாம். கடைசி ‘ஆன்’ ஆண்டுகளைக் குறிக்கும், அதை விடவே கூடாது.

பாட்டியின் 74தான் குழப்பம் என்றீர்கள். 69 வரை சிக்கலில்லை. 70 என்றால் அறுபதும் பத்தும். ஆகவே 74, அறுபதும் பதினாலும்: ‘எல் ஆ சுவாசாந்த்-கத்தோர்ஸ் ஆன்’. 80 நாலு இருபது, 90 நாலு இருபதும் பத்தும். அதனால் 11 முதல் 16 வரை முதலில் மனப்பாடமாகட்டும். அப்புறம் தோட்டத்து லயத்தில் இருக்கும் பாட்டிமார் ஒவ்வொருவர் வயதையும் சத்தமாகச் சொல்லிப் பார்க்கட்டும்.