காய்ச்சல் தணிந்தது, துடிப்பும் சீரானது: ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரையைத் தொடர வேண்டுமா?

கடுமையான நோய்த்தொற்றின்போதோ பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பின்போ முதன்முறையாக வரும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் துடிப்புக் கோளாறு பற்றிய கேள்விகளை இம்முறை ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். ‘ரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை’ என்று நாம் சொன்னாலும், அது ரத்தத்தை நீர்க்கச் செய்வதில்லை. ரத்தம் உறைந்து கட்டியாவதைத்தான் தடுக்கிறது.

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 68. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உண்டு. நிமோனியாவுக்காகச் சேர்த்திருந்தபோது மூன்றாம் நாள் இதயம் தாறுமாறாகத் துடித்தது. ஒன்றரை நாளில் சீராகிவிட்டது. வீட்டுக்கு அனுப்பும்போது அபிக்ஸபான் என்ற உறைவுத் தடுப்பு மாத்திரையை எழுதிக் கொடுத்தார்கள். துடிப்புதான் சரியாகிவிட்டதே, இனியும் மாத்திரை எதற்கு?

பதில்: காய்ச்சல், ஆக்சிஜன் குறைவு, ரத்தத்தில் பொட்டாசியம் இறங்குதல், உடல் சுரக்கும் அட்ரினலின் ஆகியவை ஒன்றுசேரும்போது இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரிவதை விட்டு வெறுமனே அதிரத் தொடங்குகின்றன. அப்போது இடது மேலறையின் ஓரத்தில் சிறு பை போலத் தொங்கும் பகுதியில் ரத்தம் தேங்குகிறது, தேங்கியது உறைகிறது, அந்தக் கட்டி நழுவி மூளைக்குச் சென்றால் பக்கவாதம். துடிப்பு சீரான அந்த நிமிடமே இந்த ஆபத்து தீர்ந்துவிடுவதில்லை. அதிர்ந்து சோர்ந்த மேலறை தன் முழு வலுவைத் திரும்பப் பெறச் சில வாரங்கள்கூட ஆகலாம்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. காய்ச்சலால் வந்தது காய்ச்சலோடு போய்விடும் என்றுதான் மருத்துவர்களாகிய நாங்களும் நீண்ட காலம் நம்பிவந்தோம். 2023-இல் வெளியான கனடா நாட்டு ஆய்வு ஒன்றில், உங்கள் அம்மாவைப் போல வேறொரு நோய்க்காகவோ இதயம் சாராத அறுவைச் சிகிச்சைக்காகவோ சேர்ந்த இடத்தில் முதன்முறையாக இக்கோளாறு வந்தவர்களை, அதே போன்ற உடல்நிலையில் கோளாறு வராதவர்களோடு ஒப்பிட்டார்கள். நெஞ்சில் ஒட்டும் ஈசிஜி கருவியை இருமுறை, ஒவ்வொரு முறையும் 14 நாட்கள் அணியச் செய்து பார்த்தபோது, ஓராண்டுக்குள் 33 விழுக்காட்டினருக்கு அது மீண்டும் வந்திருந்தது. மற்றவர்களில் 5 விழுக்காட்டினருக்கு மட்டுமே. பலருக்கு அந்த நோய் இக்கோளாறைப் புதிதாகக் கொண்டுவருவதில்லை, ஏற்கெனவே உள்ளே இருந்த பலவீனத்தை வெளியே காட்டிக்கொடுக்கிறது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

ஆனால் மூன்றில் இருவருக்கு அது திரும்பவில்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. ஆகவே எல்லோருக்கும் ஆயுள் முழுக்க மாத்திரை என்பதும் சரியல்ல. அம்மாவுக்கு வயது 65-ஐத் தாண்டியதற்கு ஒரு புள்ளி, ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று என்று பக்கவாத அபாயக் கணக்கில் மூன்று புள்ளிகள் சேர்கின்றன. அது குறைவான அபாயம் இல்லை. அதனால் இப்போதைக்கு மாத்திரையை நிறுத்தாமல், உடல் நன்கு தேறியபின் இதய மருத்துவரிடம் சென்று எக்கோ என்னும் இதய ஸ்கேனும் இரண்டு வார ஈசிஜி பதிவும் எடுத்து, அதன் பிறகு தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுப்பதே நான் சொல்லும் வழி.

டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். மருந்துப் பட்டியலில் ஐந்தாவது வரியிலோ ஆறாவது வரியிலோ மாத்திரையின் பெயரும் ‘காலை 1, இரவு 1’ என்ற குறிப்பும் இருக்கும். எதற்காக, எதுவரை, யார் திரும்பப் பார்ப்பார் என்பது பெரும்பாலும் இருக்காது. அந்த மூன்றையும் எழுதித் தரும்படி கேளுங்கள். அது எழுதப்படாததால் அட்டை தீர்ந்ததும் தாமாகவே நிறுத்தியவர்களையும், யாரும் கேள்வி கேட்காமல் ஆண்டுக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருப்பவர்களையும் நான் ஒரே அளவுக்குப் பார்த்திருக்கிறேன். இரண்டும் எனக்குக் கவலை தருபவை.

கேள்வி: அப்பா செப்சிஸ் (நோய்த்தொற்று முற்றி உறுப்புகளைப் பாதிக்கும் நிலை) வந்து ஐ.சி.யூ.வில் இருந்தார். அங்கே துடிப்பு தவறியபோதும் உறைவுத் தடுப்பு மருந்து தரவில்லை. கவனக்குறைவா?

பதில்: அப்படிச் சொல்ல மாட்டேன். கடுமையான செப்சிஸில் புதிதாக ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்தவர்களில் 2.6 விழுக்காட்டினருக்கும், வராதவர்களில் 0.6 விழுக்காட்டினருக்கும் மருத்துவமனையிலேயே பக்கவாதம் வந்ததாக 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. அபாயம் கூடுகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் செப்சிஸில் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையும், சிறுநீரகம் தளரும், கழுத்து ரத்த நாளத்தில் குழாய் செருக வேண்டியிருக்கும். அந்தச் சில நாட்களில் இம்மருந்தால் பக்கவாதம் குறைந்ததாகத் தெளிவான சான்று இல்லை, ரத்தப்போக்கு கூடியதாகவே பின்னர் வந்த ஆய்வு காட்டியது. எனவே தொற்றுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் பொட்டாசியத்துக்கும் முதலிடம் தந்துவிட்டு இம்மருந்தைத் தள்ளிவைப்பது நியாயமான முடிவே. நான் கவலைப்படுவது அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றித்தான்: தள்ளிவைத்ததை வீடு திரும்பும் நாளில் யாரும் மீண்டும் எடுத்துப் பேசாமல் விட்டுவிடுகிறார்கள். அப்பாவின் கோப்போடு இதய மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: பைபாஸ் முடிந்த மூன்றாம் நாள் எனக்கு இது வந்தது. இரண்டு மாதம் மட்டும் மாத்திரை என்றார்கள். போதுமா?

பதில்: பைபாஸுக்குப் பின் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில், இது வருகிறது. ரத்தப்போக்கு அபாயம் அதிகமில்லை என்றால் 60 நாட்கள் கொடுத்து, பிறகு துடிப்பை மறுபடி பார்த்து முடிவு செய்யலாம் என்று 2023-ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டு நெறி சொல்கிறது. அறுபதாம் நாள் தானாக நிறுத்தும் நாள் அல்ல, மருத்துவரைப் பார்க்கும் நாள்.

கேள்வி: ரத்தப்போக்குக்குப் பயந்து, இதற்குப் பதில் ஆஸ்பிரின் போடலாமா?

பதில்: வேண்டாம். வார்ஃபரின் என்னும் பழைய உறைவுத் தடுப்பு மருந்து ஒத்துவராதவர்களிடம் ஆஸ்பிரினையும் அபிக்ஸபானையும் ஒப்பிட்ட 2011-ஆம் ஆண்டு ஆய்வில், அபிக்ஸபான் பக்கவாதத்தைப் பாதிக்கும் மேல் குறைத்தது. பெரிய ரத்தப்போக்கு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஸ்டென்ட் போன்ற வேறு காரணத்துக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் எடுப்பவர்கள் அதைத் தாமாக நிறுத்தவும் கூடாது. இரண்டும் சேரும்போது ரத்தப்போக்கு கூடும் என்பதால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

கேள்வி: வயிறு அடிக்கடி உபாதை தருவதால், அபிக்ஸபான் 5 மில்லிகிராமை நானே பாதியாக உடைத்துப் போடுகிறேன். தவறா?

பதில்: ஆம், தவறு. வயது 80-ஐத் தொட்டிருத்தல், எடை 60 கிலோவோ அதற்குக் கீழோ இருத்தல், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் அளவு 1.5-ஐ எட்டியிருத்தல் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருந்தால்தான் இந்நோய்க்கு 2.5 மில்லிகிராம். மற்றவர்கள் பாதி எடுத்தால் பாதுகாப்புதான் குறையும். வயிற்று உபாதைக்கு வேறு காரணம் இருக்கலாம். மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் போன்றவற்றைச் சேர்த்து விழுங்குகிறீர்களா என்று பாருங்கள். அவை இம்மாத்திரையோடு சேரவே கூடாதவை. மலம் கறுத்துப் போனால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

கேள்வி: ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தின் மைட்ரல் வால்வு மிகவும் சுருங்கியிருப்பதால் வார்ஃபரின் எடுக்கிறேன். போன மாதம் வயிற்றுத் தொற்றுக்கு மெட்ரோனிடசோல் தந்தபின் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் அளவு) 5-ஐத் தாண்டியது. புது மாத்திரைக்கு மாறிவிடட்டுமா?

பதில்: மாற வேண்டாம். ருமாட்டிக் வால்வு நோயில், அபிக்ஸபான் வகையைச் சேர்ந்த புது மாத்திரையான ரிவராக்ஸபானைவிட வார்ஃபரின் வகை மருந்தே மேலானது, அதில் இறப்பும் குறைவு என்று 2022-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. செயற்கை உலோக வால்வு வைத்தவர்களுக்கும் வார்ஃபரின் மட்டும்தான். மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல், ஃப்ளூகோனசோல் ஆகியவை ஐ.என்.ஆரை ஏற்றுபவை, நோயின்போது சரியாகச் சாப்பிடாமல் இருப்பதும் ஏற்றும். அடுத்த முறை இத்தகைய மருந்து தொடங்கினால் மூன்று நான்கு நாட்களுக்குள் ஒருமுறை ஐ.என்.ஆர். பாருங்கள்.

கேள்வி: மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். திரும்ப வந்தால் எப்படித் தெரியும்?

பதில்: பலருக்குப் படபடப்பே இருக்காது. கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் மூன்று விரல்களை மெல்ல வைத்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். அவ்வப்போது ஒரு துடிப்பு விட்டுப்போவது வேறு. அடுத்தது எப்போது வரும் என்று கணிக்கவே முடியாதபடி இரண்டு நெருங்கியும் ஒன்று தள்ளியும், ஒன்று பலமாகவும் ஒன்று விரலுக்கு எட்டாமலும் வந்தால், அது நிற்பதற்குள் ஈசிஜி எடுத்துவிடுங்கள். எப்போது தொடங்கியது என்ற நேரத்தையும் குறித்துக்கொண்டு போங்கள். துடிப்பை உடனே சீராக்கலாமா, உறைவுத் தடுப்பு மருந்து மூன்று வாரம் கொடுத்துவிட்டுச் சீராக்க வேண்டுமா என்பதை மருத்துவர் அதை வைத்தும் தீர்மானிப்பார். முகம் கோணினாலோ, கை விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ நாடி பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.