ராஜினாமா கடிதத்தை இன்னும் அனுப்பாதீர்கள்

வேலையை விட்டால்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்க முடியும் என்று முடிவு செய்துவிட்டுத்தான் வேலைவாய்ப்பு ஆலோசகரான என்னிடம் வந்தீர்கள். நான் தலையாட்ட வேண்டும், அவ்வளவுதான் உங்கள் எதிர்பார்ப்பு. 11 வயதில் மகள், 7 வயதில் மகன். வாரம் 40 மணி நேரம் கணக்கெழுதும் வேலை, அதில் பெரும்பகுதி வீட்டிலிருந்தே. ராஜினாமா கடிதம் கைப்பையிலேயே இருக்கிறது என்றீர்கள். அது இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே இருக்கட்டும்.

முதலில் ஒரு கூட்டல் கழித்தல். வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கத்துக்கு 56, வேலைக்கு 40 போனால் மிச்சம் 72. பாடத்துக்கு எவ்வளவு வேண்டும்? பள்ளி நடக்கும் நேரத்தை மனதில் வைத்து 30 மணி என்று நீங்களாகவே எழுதியிருக்கிறீர்கள். பயம் அங்கேதான் தொடங்குகிறது. பள்ளியின் 40 நிமிட வகுப்பில் வருகைப் பதிவும் இருக்கிறது, சத்தத்தை அடக்குவதும் இருக்கிறது, பின்வரிசைப் பிள்ளை எழுதி முடிக்கும்வரை மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பதும் இருக்கிறது. இரண்டே பிள்ளைகள் உள்ள மேஜையில் அந்தக் காத்திருப்பு கிடையாது. நான் பார்த்த குடும்பங்களில், 7 வயதுப் பிள்ளைக்குப் பெரியவர் பக்கத்தில் உட்கார வேண்டிய நேரம் நாளுக்கு ஒன்று, ஒன்றரை மணியைத் தாண்டுவதில்லை. 11 வயதுக்குப் பாடம் அதிகம்தான், ஆனால் பாதியை அவளே செய்துகொள்வாள். இருவருக்கும் சேர்த்து உங்கள் வீட்டுக்கு வாரம் 12 முதல் 15 மணி நேரம் போதும்.

இது சோம்பேறிக் கணக்கு அல்ல. தனியாகச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் வேகமாகப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதை 1984-இல் பெஞ்சமின் புளூம் என்ற கல்வியாளர் எழுதிய கட்டுரை பிரபலமாக்கியது. தனிப் பயிற்சி பெற்ற சராசரி மாணவர், வழக்கமான வகுப்பின் 98 சதவீதம் பேரைவிட மேலே நின்றதாக அவர் காட்டினார். பின்னால் வந்த ஆய்வுகளில் அவ்வளவு பெரிய வித்தியாசம் தெரியவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் தனிக் கவனத்துக்குப் பலன் உண்டு என்பதில் சந்தேகமில்லை.

ஆக, வாரத்தில் இடம் இருக்கிறது. அப்புறம் ஏன் இதைத் தொடங்கிய பெற்றோர் பலர் ஆறே மாதத்தில் களைத்து விழுகிறார்கள்? ஒரு பக்கம் லேப்டாப், மறுபக்கம் பின்னக் கணக்கு என்று ஒரே நேரத்தில் இரண்டையும் வைத்துக்கொள்வதால்தான். ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குப் போனால் மனதின் ஒரு துண்டு பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் எழுதினார். அனுபவித்தவர்களுக்கு ஆய்வே தேவையில்லை. மகன் எதையோ கேட்கிறான், "ம்" என்கிறீர்கள், எதற்கு "ம்" சொன்னோம் என்றே தெரியாது. அன்றைக்கு அவனுக்கு அம்மாவும் கிடைக்கவில்லை, அலுவலகத்துக்கு ஊழியரும் கிடைக்கவில்லை.

அதனால் வேலையைப் பற்றி நான் கேட்கும் கேள்வி, "எத்தனை மணி நேரம்?" என்பதல்ல. "நடுவில் யாராவது கூப்பிட்டால் இந்த வேலை தாங்குமா?" என்பதுதான். மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு, தையல் போன்றவற்றில் சொன்ன நாளுக்குள் முடித்துக் கொடுத்தால் போதும், எந்த மணியில் செய்தீர்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. வாடிக்கையாளர் சேவை, மீட்டிங் மேல் மீட்டிங் என்று போகும் நிர்வாக வேலை இவற்றில் நேரம் உங்கள் கையில் இல்லை. வாரம் 25 மணி என்றாலும் வீட்டுக் கல்வியோடு மோதும். செவிலியர் வேலை போன்ற ஷிப்ட் வேலை பார்க்கக் கடினமாகத் தோன்றும். ஆனால் வீட்டுக்கு வந்தால் வேலை கூடவே வராது. ஷிப்டைப் பிரித்துக்கொண்ட பெற்றோர் சிலர், நாள் முழுக்க வீட்டிலிருந்தே வேலை செய்பவர்களைவிட நிம்மதியாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வேலை இரண்டும் கலந்தது. பதிவு போடுவதை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். வாடிக்கையாளர் அழைப்புதான் தொல்லை. அதோடு மாதக் கடைசி வாரத்தில் மூச்சுவிட நேரமில்லை. அப்படியானால் விட வேண்டியது வேலையை அல்ல, அந்த அழைப்புகள் நினைத்த நேரத்தில் வருவதை. மேனேஜரிடம் போய், "பிள்ளைகளை வீட்டில் படிக்க வைக்கப் போகிறேன், கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள்" என்று தொடங்காதீர்கள். அது சலுகை கேட்பது போல் ஆகிவிடும். "மதியம் 2 முதல் 5 வரை எல்லா அழைப்புகளுக்கும் நான் இருப்பேன், மாதாந்திரக் கணக்கு முடியும் தேதி மாறாது, மூன்று மாதம் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். காரணம் கேட்டால் மறைக்க வேண்டாம். ஆனால் பேச்சு உங்கள் வேலையைப் பற்றியே இருக்கட்டும்.

மாதக் கடைசி வாரத்தில் பாடமே வேண்டாம். வாசிப்பும், அவர்கள் விருப்பப்படி எதையாவது செய்து பார்ப்பதும் போதும். வீட்டுப் படிப்பு திங்கள் முதல் வெள்ளி வரைதான் நடக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஞாயிறு காலையில் கணக்கு நடக்கட்டும், புதன்கிழமை ஓய்வாக இருக்கட்டும். மகள் ஒரு மணி நேரமாவது தனியாகப் படிப்பாள், அதில் ஒரு பகுதி தம்பிக்கு வாசித்துக்காட்டுவதாக இருக்கலாம். அவளை ஆசிரியை ஆக்கிவிடாதீர்கள், அது வேறொரு தவறு. 7 வயதுக்காரனால் அரை மணிக்குமேல் தனியாக இருக்க முடியாது, அதையும் கணக்கில் வையுங்கள். காணொளிப் பாடங்களை அந்த அரை மணிக்கு மட்டும் நம்பலாம். நீங்கள் மீட்டிங்கில் இருக்கும் மூன்று மணி நேரத்துக்குத் திரையையே பள்ளிக்கூடம் ஆக்கினால், பள்ளியிலிருந்து நிறுத்தியதற்கு அர்த்தமில்லை.

இன்னொன்று. ஒரு மணி நேரம் பேசினீர்கள். அதில் உங்கள் கணவர் ஒரே ஒரு இடத்தில்தான் வந்தார்: "அவருக்கும் சம்மதம்தான்." சம்மதம் கால அட்டவணையில் ஏறாது. எந்தப் பாடம் அவருடையது, எந்த நாள், எத்தனை மணி என்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். 15 மணியில் 5 மணி அவருடையதாக இருந்தால்கூட இந்தத் திட்டம் நிற்கும். எல்லாமே உங்கள் தலையில் என்றால், நீங்கள் வேலையை விட்டாலும் நிற்காது.

சட்டத்தை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்று தெரிகிறது. இது நாட்டுக்கு நாடு தலைகீழாக மாறும். அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் அனுமதி உண்டு, ஆனால் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஜெர்மனியில் ஏறக்குறைய முழுத் தடை. 2019-இல் ஒரு குடும்பம் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போயும் தோற்றது. உங்கள் பகுதியில் பதிவு வேண்டுமா, பிள்ளை பிற்காலத்தில் தனித்தேர்வராக எந்தத் தேர்வை எழுதலாம் என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். மகளுக்கு இரண்டாவது கேள்வி சீக்கிரமே வந்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் 40 மணி தாங்காது என்றால் 25-க்கு இறங்குங்கள். பூஜ்யத்துக்கு இறங்காதீர்கள். இதை வேலைவாய்ப்பு ஆலோசகராகவே சொல்கிறேன். கணக்கெழுதும் துறையில் மென்பொருளும் வரி விதிகளும் மாறிக்கொண்டே இருக்கும். ஐந்து வருடம் விலகி நின்றவர் மறுபடி கீழ்ப்படியிலிருந்து ஏற வேண்டியிருக்கும். வாரம் 10 மணி நேரம், ஒரே ஒரு வாடிக்கையாளர் என்றாலும் அந்த இடைவெளி பயோடேட்டாவில் விழாது. இன்னொரு விஷயம், பலர் இதை யோசிப்பதே இல்லை: 13, 14 வயதில் பிள்ளையே வந்து, "நான் பள்ளிக்குப் போகிறேன், நண்பர்கள் வேண்டும்" என்று சொல்லலாம். சொன்னால் அனுப்பத்தான் வேண்டும். அன்றைக்கு வீட்டில் நீங்கள் மட்டும் இருப்பீர்கள், கையில் வேலையும் இருக்காது.

இரண்டு வாரத்துக்கு ஒரு தாளில் குறித்து வாருங்கள்: எந்த மணியில் எந்த வேலை, நடுவில் யார் எத்தனை முறை கூப்பிட்டார்கள், இரவு 10 மணிக்குப் பிறகு எத்தனை நாள் லேப்டாப் திறந்திருந்தது. கடைசிக் கேள்விக்குப் பதில் ஐந்தைத் தாண்டினால் எதையும் தொடங்குவதற்கு முன் வேலை நேரத்தைக் குறைத்தாக வேண்டும். அந்தத் தாளோடு அடுத்த முறை கணவரையும் கூட்டி வாருங்கள். கைப்பையில் இருக்கும் கடிதத்தைப் பற்றி மூவருமாகப் பேசலாம்.