நானும் அவரை 'சார்' என்றுதான் கூப்பிட்டேன்

வணக்கம் மேடம்,

என் அப்பா புதுக்கோட்டை மாவட்டத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஆசிரியர். தலைமை ஆசிரியராக 2008இல் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகும் விட்டாரா? சாயங்காலமானால் திண்ணையில் பத்துப் பிள்ளைகளாவது உட்கார்ந்திருக்கும். காசு வாங்க மாட்டார். போன வருஷம் 74 வயதில் தவறிவிட்டார். அடுத்த மாதம் முதல் வருஷத் திதி. அவருடைய பழைய மாணவர்கள் நினைவேந்தல் கூட்டம் வைக்கிறார்கள். மகள் என்ற முறையில் நான் பேச வேண்டுமாம். மூன்று வாரமாக ஒரு வரி எழுத வரவில்லை.

நாலாவதும் ஐந்தாவதும் அவரிடம்தான் படித்தேன். ஒரு நாள் வாய்தவறி 'அப்பா' என்றுவிட்டேன். வகுப்பே சிரித்தது. "இங்க நான் சார்" என்றார். அதிலிருந்து வீட்டில்கூட அப்பா என்று கூப்பிட நாக்கு தயங்கும். 1991இல் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் வந்தது. ராத்திரி வகுப்பு முடித்து அவர் வரும்போது நான் தூங்கியிருப்பேன். அப்போது எங்கள் மாவட்டத்தில் பெண்களுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தார்களே, அப்பாவும் எத்தனையோ அக்காக்களுக்கு சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார். நான் தனியாகக் குரங்குப் பெடல் போட்டு, முட்டியைப் பேர்த்துக்கொண்டு கற்றேன்.

அவர் இறந்த அன்று லாரி ஓட்டும் ஒருவர், "என்னை ஹைஸ்கூலில் கொண்டுபோய்ச் சேர்த்ததே சார்தான், அவர்தான் எனக்கு அப்பா" என்று காலைப் பிடித்து அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. பொறாமை வந்தது. சாவு வீட்டில் பொறாமைப்படுகிற மகள் எங்காவது உண்டா?

அவர் பெட்டியில் சால்வைகளும் பாடக்குறிப்பேடுகளும் இருந்தன. அடியில் என் நாலாம் வகுப்புக் கணக்கு நோட்டு. முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் 'கையெழுத்தைத் திருத்து.' தூக்கி எறிந்தேன். அப்புறம் நானே பொறுக்கி வைத்தேன். துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் உண்டு என்று படித்தேன். நான் எதில் மாட்டிக்கொண்டிருக்கிறேன்?

கையெழுத்து சரியாக இல்லை, மன்னிக்கவும்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த ஐந்து கட்டங்களை ஓரமாக வைப்போம். எலிசபெத் கியூப்ளர்-ராஸ் என்ற மருத்துவர் 1969இல் அதை எழுதியது, தங்கள் சாவை எதிர்பார்த்திருந்த நோயாளிகளோடு பேசிப் பார்த்து. அது எப்படியோ பின்னால் மிஞ்சுகிறவர்களுக்கும் பாடத்திட்டம் ஆகிவிட்டது. துக்கத்தில் நாலாவது பாஸ், ஐந்தாவது பாஸ் என்றெல்லாம் கிடையாது. இறந்தவரிடமிருந்து மனதை மெல்லப் பிரித்தெடுப்பதுதான் துக்கத்தின் வேலை என்று 1917இல் எழுதிய மனநல மருத்துவர் ஃபிராய்டுக்கே அது முடியவில்லை. அவர் மகள் சோஃபி 1920இல் ஃப்ளூ காய்ச்சலில் இறந்தாள். ஒன்பது வருஷம் கழித்து, அவள் இருந்திருந்தால் 36 வயதாகியிருக்கும் நாளில், அந்த இடத்தை எதுவும் நிரப்பாது என்று நண்பருக்குக் கடிதம் எழுதினார். உங்களுக்கு ஒரு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை.

பொறாமைக்கு வருகிறேன். நீங்கள் போன வருஷம் போனவருக்காக மட்டும் துக்கப்படவில்லை. 1991இல் நேரத்தோடு வீடு திரும்பாதவருக்காகவும்தான். லாரிக்காரர் தனக்குக் கிடைத்ததை நினைத்து அழுதார், நீங்கள் கிடைக்காததை நினைத்து அழ முடியாமல் நின்றீர்கள். இதில் குற்றம் எங்கே இருக்கிறது?

சொந்தப் பிள்ளையை வகுப்பில் வைத்துக்கொண்டு பாடம் நடத்துகிறவருக்கு ஊர்ப்பேச்சு பெரிய பயம். தன் பிள்ளைக்கு மார்க்கை அள்ளிப் போட்டார் என்பார்கள். இல்லாவிட்டால் வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். இரண்டுக்கும் பயந்து சொந்தப் பிள்ளையிடம் மட்டும் கூடுதலாகக் கறாராக இருந்த பல ஆசிரியர்களை எனக்குத் தெரியும். உங்கள் அப்பாவும் அப்படித்தானா என்று நான் எப்படிச் சொல்வேன்? அப்படியே இருந்தாலும் அவருடைய பயத்துக்கு விலை கொடுத்தது ஒன்பது வயதுப் பெண். அந்தக் கோபம் உங்களிடம் இருக்கட்டும். அவசரமாக மன்னிக்கச் சொல்லி யாராவது வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அந்த நோட்டுதான் என்னை யோசிக்க வைத்தது. அத்தனை வருஷத்தில் அவர் எத்தனை நோட்டுகளைத் திருத்தியிருப்பார்! நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், பெட்டியில் மிஞ்சிய பிள்ளை நோட்டு ஒன்றே ஒன்று. உடனே இதைப் பாசத்துக்குச் சாட்சி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அம்மா இருந்தால் அவர்களைக் கேளுங்கள். எடுத்து வைத்தது அவர்களாகக்கூட இருக்கலாம். நோட்டை முழுதாகப் புரட்டினீர்களா என்பதையும் நீங்கள் எழுதவில்லை. அந்த லாரிக்காரரிடமும் ஒரு கேள்வி கேட்கலாம்: "சார் எப்போதாவது வீட்டைப் பற்றிப் பேசியிருக்கிறாரா?" உங்கள் அப்பாவைப் பற்றி உங்களுக்குத் தெரியாதது அவரிடம் கொஞ்சம் இருக்கும், அவருக்குத் தெரியாதது உங்களிடம் இருக்கிறது.

கூட்டத்தில் பேச விருப்பமில்லை என்றால் பேசாதீர்கள், மகள் என்பதற்காக மேடை கடன் இல்லை. பேசுவதானால் புகழுரை வேண்டாம், அதற்கு அங்கே நிறையப் பேர் வருவார்கள். "இங்க நான் சார்" என்ற அந்த நாளில் தொடங்குங்கள். குரங்குப் பெடலையும் சொல்லுங்கள். அவரை நிஜமாகத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். நடுவில் அழுகை வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

திதி முடிந்த பிறகும் தூக்கமே இல்லை, வேலை ஓடவில்லை என்றால் மனநல ஆலோசகர் ஒருவரை நேரில் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

அப்புறம், உங்கள் கையெழுத்து. ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல் படித்தேன்.