1974 வரை அமெரிக்கப் பெண்களால் வங்கிக் கணக்கே தொடங்க முடியாதா?

அது பாதிதான் சரி. சேமிப்புக் கணக்கு அதற்கு முன்பே பல பெண்களிடம் இருந்தது. சிக்கல் கடனில்தான். கிரெடிட் கார்டு கேட்டால் பல வங்கிகள் கணவர் கையெழுத்தைக் கேட்டன. வீட்டுக்கடன் என்றால் மனைவியின் சம்பளத்தில் பாதியைக் கணக்கில் எடுத்தாலே பெரிது. பிள்ளை பெறும் எண்ணம் உண்டா என்றுகூட விசாரித்தார்கள்! விவாகரத்து ஆனால் இன்னும் மோசம். அத்தனை வருடம் ஒழுங்காகக் கட்டிய தவணையெல்லாம் கணவர் பெயரில்தானே இருக்கும்?

1974-இல் வந்த சம கடன் வாய்ப்புச் சட்டம் இதைத் தடுத்தது. வரைவில் முதலில் பெண்கள் பேச்சே இல்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் லூசியானா மாநில உறுப்பினர் லிண்டி பாக்ஸ் ‘பாலினம், திருமண நிலை’ என்று கையால் எழுதிச் சேர்த்து, நகலெடுத்து, கமிட்டியில் கொடுத்தார். மறந்துதான் விட்டிருப்பீர்கள் என்று நாசூக்காகச் சொன்னாராம். தொழில் கடனுக்கு ஆண் உறவினர் கையெழுத்து கேட்ட மாநில விதிகள் ஒழிய 1988 ஆனது.