காஸ்மோனாட்: ரஷ்யர்கள் வைத்த பெயர், கிரேக்கர்கள் தந்த வேர்

விண்வெளி வீரரைக் குறிக்கும் காஸ்மோனாட் என்பது அசல் ரஷ்யச் சொல்தானா?

இல்லை. இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டிச் செய்தது. 'கோஸ்மோஸ்' என்றால் முதலில் ஒழுங்கு, அலங்காரம் என்று பொருள். ஒழுங்காக அமைந்த பிரபஞ்சம் என்ற பொருள் அப்புறம் வந்தது. முகப்பூச்சு டப்பாவில் 'காஸ்மெட்டிக்' என்று போட்டிருக்கிறதே, அதற்கும் இதே வேர்தான். பின்பாதியில் உள்ள 'நவுதேஸ்' மாலுமியைக் குறிக்கும். கப்பலுக்குக் கிரேக்கத்தில் 'நவுஸ்'. வடமொழியில் படகைக் குறிக்கும் 'நௌ' அதன் உடன்பிறப்பு. ஆக, காஸ்மோனாட் என்றால் பிரபஞ்சத்தில் கலம் செலுத்துகிறவர்.

விண்வெளிக்கு முதலில் போன யூரி ககாரினுக்காக உருவாக்கிய சொல்லா, ஐயா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் சொல்லின் அடிப்படை அவருக்கு முந்தியது. போலந்தில் பிறந்த ஆரி ஷ்டெர்ன்ஃபெல்டு என்ற பொறியாளர் 1935-இல் சோவியத் நாட்டுக்குக் குடிபெயர்ந்தார். 1937-இல் மாஸ்கோவில் வெளியான அவருடைய நூலின் பெயரே 'காஸ்மோனாட்டிக்ஸ் (விண்பயணத் துறை) அறிமுகம்' என்ற பொருளில் இருக்கும். மனிதன் விண்ணுக்குப் போக இன்னும் 24 ஆண்டுகள் இருந்தன. துறைக்குப் பெயர் தயாராகிவிட்டது, பயணி மட்டும்தான் பாக்கி!

அதற்கு முன்பே ரஷ்யர்களிடம் 'ஸ்வெஸ்தப்ளாவானியே' என்ற சொந்தச் சொல் இருந்தது. விண்மீன்களுக்கு இடையே கலம் ஓட்டுதல் என்று அர்த்தம். எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. நீளமாக இருந்தாலும் கேட்டவுடனேயே கண்முன் ஒரு கடல் விரிகிறது. கடைசியில் கிரேக்க வேர்ச்சொல்லே நிலைத்துவிட்டது.

1961 ஏப்ரல் 12 அன்று வஸ்தோக் கலத்தில் ககாரின் போய்வந்தார், மொத்தம் 108 நிமிடம். இரண்டே நாளில், ஏப்ரல் 14 அன்று, 'சோவியத் ஒன்றியத்தின் விமானி காஸ்மோனாட்' என்ற அரசுப் பட்டம் உருவானது. முதலில் பெற்றவர் அவர்தான்.

அஸ்ட்ரோனாட், காஸ்மோனாட்: இரண்டுக்கும் வேலையில் வித்தியாசம் உண்டா?

கிடையாது. இரண்டிலும் மாலுமி ஒருவரே, கடல்தான் வேறு. 'அஸ்ட்ரோன்' என்றால் விண்மீன். அமெரிக்கா 1959-இல் தன் முதல் ஏழு பேரை அறிவித்தபோது அஸ்ட்ரோனாட் என்றது. ரஷ்யப் பத்திரிகைகள் இன்றும் தங்கள் ஆட்களைக் காஸ்மோனாட் என்றும், அமெரிக்கர்களை அஸ்ட்ரோனாட் என்றும்தான் எழுதுகின்றன. மனிதன் நிலவைத் தாண்டி வேறெங்கும் இறங்கியதில்லை, விண்மீன் பக்கம் போனதே இல்லை. அதனால் பொருளைப் பார்த்தால் ரஷ்யச் சொல்தான் சரியாகப் பொருந்துகிறது என்பேன்.

பெண்களுக்குத் தனிச் சொல் உண்டா?

பேச்சில் 'கஸ்மனாஃப்ட்கா' என்பார்கள். அரசுப் பட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சொல்தான். 1963 ஜூன் 16 அன்று பறந்த வலெண்டினா தெரஷ்கோவாவும் 'காஸ்மோனாட்'தான். வானொலியில் அவருடைய அழைப்புப் பெயர் 'சாய்க்கா', அதாவது கடற்காகம். 'யா சாய்க்கா', 'நான் கடற்காகம்' என்று மேலிருந்து அவர் குரல் வந்தது. மாலுமி என்று பொருள்படும் சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான துணை எது?

ராகேஷ் ஷர்மாவை எப்படிச் சொல்வது, அண்ணா?

காஸ்மோனாட் என்றே சொல்லலாம், தம்பி. மாஸ்கோ அருகே நட்சத்திர நகரில் பயிற்சி பெற்று, 1984 ஏப்ரல் 3 அன்று பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து சோயுஸ் டி-11 கலத்தில் போனவர். குழுவில் அவர் பொறுப்பே 'ஆய்வுக் காஸ்மோனாட்'.

தமிழில் 'விண்வெளி வீரர்' போதாதா?

புழக்கத்தில் நன்றாக வேரூன்றிய சொல், குறை சொல்ல மாட்டேன். ஆனால் வீரர் என்றதும் போர்க்களம் நினைவுக்கு வருகிறது. மூலச் சொல்லில் இருப்பதோ கடல். கடலில் போகிறவரைக் கடலோடி என்கிறோம். அதே வார்ப்பில் 'விண்ணோடி' என்று சிலர் எழுதுகிறார்கள். காஸ்மோனாட்டின் உள்ளர்த்தத்தை அப்படியே பிடிக்கும் சொல் இது. இனி நான் எழுதுவதும் அதைத்தான்.

ரஷ்யர்கள் எப்படி உச்சரிக்கிறார்கள்?

'கஸ்மனாஃப்ட்'. அழுத்தம் 'னா'வில் விழும். அழுத்தம் இல்லாத இடத்தில் ஓகாரம் அகரம் மாதிரி ஒலிக்கும், கடைசி 'ட்'டுக்கு முன்னால் 'வ்' என்று எழுதி 'ஃப்' என்று சொல்வார்கள். இரண்டு தடவை சொல்லிப் பாருங்கள், வந்துவிடும்.