புத்தகத்தைத் திட்டுமுன் ஊரைப் பாருங்கள்

கேள்வி: கல்யாணமாகி மதுரையிலிருந்து பெங்களூரு வந்தேன். சமையல் புத்தகத்தில் போட்டபடி அட்சரம் பிசகாமல் செய்தும் இட்லி மாவு பொங்குவதில்லை, பருப்பு வேகவில்லை, குழம்பில் காரமே இல்லை. எழுதுகிறவர்கள் நிஜமாகவே சமைத்துப் பார்த்துத்தான் எழுதுகிறார்களா? யூடியூப் இருக்கும்போது புத்தகம் எதற்கு? தங்கை கல்யாணத்துக்கு ஒன்று பரிசளிக்கலாம் என்றிருந்தேன், இப்போது யோசனையாக இருக்கிறது.
- ஒரு வாசகி, ஜாலஹள்ளி, பெங்களூரு

பதில்: சமைத்துப் பார்த்துத்தான் எழுதியிருப்பார்கள், சகோதரி. ஆனால் மதுரையிலோ சென்னையிலோ சமைத்துப் பார்த்திருப்பார்கள். நீங்கள் அடுப்பு பற்றவைப்பது கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில். புத்தகம் அங்கேயே நிற்கிறது, நீங்கள்தான் ஊர் மாறி வந்திருக்கிறீர்கள்.

மாவை எடுத்துக்கொள்வோம். ‘இரவு முழுக்கப் புளிக்க விடவும்’ என்று எழுதியவர் வீட்டு அடுப்படி ராத்திரியிலும் வெதுவெதுப்பாக இருக்கும். உங்கள் ஊரில் டிசம்பர் விடியற்காலை 15 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கிவிடுகிறது. மாவைப் பொங்கவைக்கும் நுண்ணுயிர் அந்தக் குளிரில் சோம்பிப் படுத்துவிடும். பன்னிரண்டு மணி நேரமானாலும் பதினைந்தானாலும், மாவு இரண்டு மடங்காக எழும்பும்வரை தொடாதீர்கள். அவசரமென்றால் அகலப் பாத்திரத்தில் பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி, மாவுப் பாத்திரத்தை அதற்குள் இறக்கி வையுங்கள். அரைக்கும்போது ஐஸ் தண்ணீர் ஊற்றச் சொல்கிறதா புத்தகம்? அது சென்னை வெயிலில் மாவு சூடேறாமலிருக்கச் சொன்னது. ஜாலஹள்ளி மார்கழிக்கு அது வேண்டாம்.

பருப்பு விஷயத்தில் உயரத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் திறந்த பாத்திரத்தில் வேக நேரமாகும். குக்கர் அதைப் பெரும்பாலும் சரிக்கட்டிவிடும். நீங்கள் எந்தத் தண்ணீரில் வேகவைக்கிறீர்கள் என்பதுதான் என் சந்தேகம். காவிரித் தண்ணீரா, போர் தண்ணீரா, டேங்கரா? குழாய் முனையில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறதென்றால், அந்தச் சுண்ணாம்பே பருப்பின் தோலையும் சதையையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். குடிக்கிற தண்ணீரில் ஒருநாள் வேகவைத்துப் பாருங்கள். புளியைக் கரைத்து ஊற்றுவது பருப்பு குழைந்த பிறகு மட்டும்.

‘நான்கு விசில்’ என்று எழுதும் ஆசிரியர்கள் மேல் எனக்கும் கோபம் உண்டு. மூன்று லிட்டர் குக்கரும் ஐந்து லிட்டர் குக்கரும், பெரிய பர்னரும் சின்ன பர்னரும் ஒரே இடைவெளியில் விசில் அடிக்குமா? முதல் விசிலுக்குப் பிறகு தீயைக் குறைத்து இத்தனை நிமிடம் என்று எழுதினால்தான் அது குறிப்பு.

காரம் மிக எளிது. கடைக்காரர் உங்களுக்கு ப்யாடகி மிளகாயைக் கொடுத்திருப்பார். ஹாவேரி மாவட்டத்து மிளகாய்; தோல் சுருங்கி, கருஞ்சிவப்பாக இருக்கும். நிறம் அள்ளிக் கொடுக்கும், காரம் கிள்ளித்தான் கொடுக்கும். ‘12 மிளகாய்’ என்று எழுதியவர் மனதில் இருந்தது நம்மூர் நீட்டு மிளகாயோ குண்டு மிளகாயோ. பாதி ப்யாடகி, பாதி குண்டூர் கேட்டு வாங்குங்கள். சாம்பார்ப் பொடிக்கு இந்தக் கலவை மதுரையில் அரைத்ததைவிடவே நன்றாக இருக்கும் என்பது என் கட்சி. மதுரைக்காரர்கள் சண்டைக்கு வரலாம்.

யூடியூப்? கை எப்படி அசைகிறது, மாவு எந்தப் பதத்தில் கரண்டியிலிருந்து விழுகிறது என்பதற்கு அதைப் பாருங்கள். ஆனால் அங்கே வெங்காயம் மூன்று விநாடியில் சிவந்துவிடும். உங்கள் வாணலியில் கால் மணி நேரமாகும், நடுவில் வெட்டியதைக் காட்ட மாட்டார்கள். தவிர, ஈரக் கையோடு திரையைத் தள்ளித் தள்ளி உப்பின் அளவைத் தேடுவதற்குள் தாளிப்பு கருகிவிடும்.

புத்தகம் வாங்கும்போது அட்டையிலிருக்கும் எண்ணிக்கையில் மயங்காதீர்கள். முப்பது வகை, நூறு வகை என்பதெல்லாம் பக்கத்தை நிரப்பும் கணக்கு. எங்கள் பத்திரிகையின் சமையல் இணைப்பிதழுக்கும் இது பொருந்தும். கடையில் நின்றபடியே உங்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்யவரும் ஒரு பதார்த்தத்தின் பக்கத்தைத் திறங்கள். ரசம் என்று வையுங்கள். ‘நன்கு கொதிக்கவிட்டு இறக்கவும்’ என்றிருந்தால் புத்தகத்தை அலமாரியிலேயே வைத்துவிடுங்கள். ‘பருப்புத் தண்ணீர் விட்டு, நுரை கட்டி வரும்போது இறக்கவும்’ என்றிருந்தால் எழுதியவர் அடுப்படியில் நின்றவர். அவர் அதிரசத்துக்குச் சொல்லும் பாகுப் பதத்தையும் நம்பலாம்.

அளவையும் பாருங்கள். எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951இல் வந்தபோது இந்தியாவில் கிலோவும் லிட்டரும் புழக்கத்துக்கு வரவில்லை. மெட்ரிக் சட்டமே 1956இல்தான். அதனால் ஆழாக்கு, பலம் என்ற பழைய அளவுகளில் எழுதினார். ஆழாக்கு சுமார் 168 மில்லி என்று தெரிந்துவிட்டால் இன்றைக்கும் அதைப் பார்த்துச் சமைக்கலாம். இன்றைய புத்தகங்களின் ‘ஒரு கப்’ எத்தனை மில்லி என்றுதான் பலவற்றில் எழுதியிருப்பதில்லை. இட்லிக்கு நாலுக்கு ஒன்று என்றால் எந்த டம்ளரும் சரி. மைசூர்பாகுக்குக் கடலை மாவைக் கப்பிலும் சர்க்கரையைக் கிராமிலும் கொடுத்தால், உங்கள் கப்பும் அவர் கப்பும் வேறாக இருக்கும் நாளில் கிடைப்பது செங்கல்தான்.

தங்கைக்குத் தாராளமாக வாங்கிக் கொடுங்கள். கூடவே கிராம் காட்டும் சின்னச் சமையலறைத் தராசும் வாங்குங்கள். இரண்டுக்கும் காசு போதாவிட்டால், இந்த வருஷம் தராசு.