பழைய கிரில்லைத் தூக்கிப் போடலாமா? – நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: போன வருஷம் நியூஜெர்சியில் வீடு வாங்கினோம். முந்தைய வீட்டுக்காரர் 36 அங்குல டிசிஎஸ் கம்பெனி கேஸ் கிரில் (வெளியில் வைத்துக் கறி சுடும் அடுப்பு) ஒன்றைப் பின்புறம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். இருபது வருஷப் பழசு, சிலிண்டரில் ஓடுவது. எவ்வளவு நேரம் எரியவிட்டாலும் 300 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டவில்லை. ஒரு பர்னர் மஞ்சளாக எரிகிறது. மூடியின் உள்பக்கப் பெயிண்ட் உரிந்து கறி மேல் விழுகிறது. மெக்கானிக் 900 டாலர் கேட்கிறார். கடையில் புதுசு வாங்குங்கள் என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: இரண்டு பேருக்கும் இப்போதைக்குப் பணம் கொடுக்காதீர்கள். நீங்கள் சொன்ன மூன்று குறைகளையும் காசு செலவில்லாமல் நீங்களே முதலில் சோதித்துப் பார்த்துவிடலாம்.

முதலில் சூடு. சிலிண்டரில் மாட்டும் ரெகுலேட்டருக்குள் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு இருக்கிறது. ஹோஸ் அறுந்தது போல கேஸ் திடீரென்று பாய்ந்தால், அது தானாகவே ஓட்டத்தைச் சொட்டுச் சொட்டாகக் குறைத்துவிடும். பர்னர் குமிழ் திறந்திருக்கும்போது சிலிண்டரைத் திறந்தாலோ, சிலிண்டரைச் சட்டென்று முழுக்கத் திறந்தாலோ கூட அது ஏமாந்துபோய் அப்படியே பூட்டிக்கொள்ளும். அப்புறம் 250, 300 டிகிரிக்கு மேல் ஏறவே ஏறாது. நல்ல கிரில்கள் பல இந்த ஒரு காரணத்தால் குப்பைக்குப் போகின்றன என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். சிலிண்டரை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றுங்கள். குமிழ்களை ஒரு நிமிஷம் திறந்து வைத்துவிட்டு எல்லாவற்றையும் மூடுங்கள். மறுபடி மாட்டி, சிலிண்டர் வால்வை மெதுவாக, மிக மெதுவாகத் திறங்கள். கிரில் மூடியைத் தூக்கி வைத்துக்கொண்டு பர்னர்களை ஒவ்வொன்றாகப் பற்றவையுங்கள். அப்போதும் சூடு ஏறாவிட்டால் ரெகுலேட்டரே போயிருக்கலாம். ஹோஸோடு சேர்த்து வாங்கினாலும் அது பெரிய செலவில்லை. இருபது வருஷ ரப்பர் ஹோஸை எப்படியும் மாற்றத்தான் வேண்டும்.

மஞ்சள் தீ என்றால் கேஸோடு காற்று சரியாகக் கலக்கவில்லை. பர்னர் குழாயின் வாயில் சிலந்தி கூடு கட்டியிருக்கிறதா பாருங்கள். குளிர்காலம் முழுக்கச் சும்மா கிடந்த கிரில்லில் இது சகஜம். பர்னரைக் கழற்றி, குழாய்க்குள் நீளமான பிரஷ் விட்டு இழுத்தால் வந்துவிடும். இதை அலட்சியம் செய்யாதீர்கள். அடைப்பு இருந்தால் கேஸ் பின்னால் திரும்பி, குமிழ் பக்கம் தீப்பிடிக்கும்.

அந்தப் 'பெயிண்ட்' பெயிண்டே அல்ல. இந்த வகை எஃகு மூடியின் உள்பக்கம் பெயிண்ட் அடிப்பதில்லை. இத்தனை வருஷக் கொழுப்புப் புகை கரியாகப் படிந்து இப்போது செதில் செதிலாக உரிகிறது. மூடி ஆறியதும் பிளாஸ்டிக் சுரண்டியால் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் துடைத்தால் போதும்.

இவ்வளவும் செய்த பிறகுதான் ரிப்பேருக்குத் தகுமா என்ற கேள்வி. அதற்குப் பளபளப்பைப் பார்க்காதீர்கள், உடம்பைப் பாருங்கள். தீ எரியும் பெட்டியில் ஓட்டை விழும் அளவுக்குத் துரு இருந்தால் விட்டுவிடுங்கள். மேலாகப் பழுப்பேறியிருந்தால் பயமில்லை. ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றை வைத்துப் பாருங்கள்: 304 என்ற நல்ல ரகத் துருப்பிடிக்காத எஃகில் ஒட்டாது, வளைவுகளில் மட்டும் லேசாக இழுக்கும். விலை குறைந்த 430 ரகத்தில் பச்சக்கென்று ஒட்டும். 304 உடம்பு கெட்டியாக இருந்தால் அதைக் கைவிடாதீர்கள் என்பேன். பர்னர், ஹோஸ், ரெகுலேட்டர், பற்றவைக்கும் பொறி எல்லாம் தேய்ந்து மாற்ற வேண்டிய சாமான்கள்தான். இதே தரத்தில் புதிதாக வாங்கப் போனால் ஐந்தாயிரம் டாலரைத் தாண்டிவிடும். ஐந்நூறு டாலர் புதுக் கிரில்லோடு ஒப்பிட்டு இதைக் கழித்துக்கட்டுவது நியாயமில்லை.

சாமான் கிடைக்குமா? டிசிஎஸ் நிறுவனத்தை நியூசிலாந்தின் ஃபிஷர் அண்ட் பைக்கல் 2004-ல் வாங்கியது. பெயர் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. கிரில்லின் தகட்டில் இருக்கும் மாடல் எண்ணைப் படம் எடுத்து, பர்னரின் விலையையும் பர்னருக்கு மேலே வரிசையாக இருக்கும் பீங்கான் குச்சிகளின் விலையையும் முதலில் விசாரியுங்கள். மெக்கானிக்கிடம் 900-ல் சாமான் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். கழற்றிய பழைய சாமானைத் திருப்பித் தரவும் சொல்லுங்கள். தயங்குகிறவர் என்றால் வேறு ஆள் பாருங்கள். மொத்தச் செலவு புதுசின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கினால் தாராளமாகச் செய்யலாம் என்பது என் கணக்கு.

சுத்தம் செய்யும்போது ஓவன் கிளீனரை அலுமினியப் பாகங்களில் அடிக்காதீர்கள், அதிலுள்ள காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரித்துவிடும். சாதாரண இரும்பு நார் எஃகில் துகளை விட்டுவிட்டுப் போகும், அந்தத் துகள் பிறகு துருப்பிடிக்கும். கம்பி பிரஷ்ஷும் வேண்டாம். அதிலிருந்து உதிர்ந்த கம்பி, கறியோடு தொண்டைக்கும் குடலுக்கும் போய்க் குத்திய சம்பவங்களை அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி 2012-லேயே வெளியிட்டு எச்சரித்திருக்கிறது. பிள்ளைகள் சாப்பிடும் வீட்டில் அந்த பிரஷ் இருக்கவே கூடாது.

எல்லாம் மாட்டி முடித்ததும் சோப்பு நுரையை ஒவ்வொரு இணைப்பிலும் தடவிப் பாருங்கள். குமிழி கிளம்பினால் கசிவு. தீக்குச்சி கிழித்துச் சோதிக்கிற வேலை வேண்டவே வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் "பர்னருக்குக் கேஸ் வரும் ஓட்டையைக் கொஞ்சம் பெரிசாக்கி வீட்டு இயற்கை எரிவாயுக் குழாயிலேயே கொடுத்துவிடலாம்" என்று யோசனை சொன்னாலும் கேட்காதீர்கள். இரண்டு வாயுவுக்கும் துளையின் அளவும் அழுத்தமும் வேறு. மாற்றுவதானால் கம்பெனியே தரும் மாற்று சாமான், உரிமம் பெற்ற ஆள், இரண்டும் இருந்தால்தான்.

கேள்வி: சிலிண்டரைக் கடையில் மாற்றிக்கொள்வது நல்லதா, நிரப்பிக்கொள்வதா?

பதில்: பெரும்பாலும் நிரப்புவதுதான். 20 பவுண்ட் சிலிண்டர் என்று பேர், ஆனால் கூண்டில் அடுக்கி வைத்து மாற்றித் தரும் சிலிண்டர்களில் பொதுவாக 15 பவுண்ட் கேஸ்தான் இருக்கும். 2008-ல் இரண்டு பெரிய நிறுவனங்கள் 17-லிருந்து 15-ஆகக் குறைத்தன, விலையைக் குறைக்கவில்லை. அமெரிக்க வர்த்தக ஆணையம் 2014-ல் அவர்கள் மேல் நடவடிக்கை எடுத்தது. விலையை எப்போதும் பவுண்ட் கணக்கில் வகுத்துப் பாருங்கள். கைப்பிடி வளையத்தில் டி.டபிள்யூ (TW) என்ற எழுத்துக்குப் பக்கத்தில் காலிச் சிலிண்டரின் எடை பொறித்திருக்கும். சிலிண்டரை வீட்டு எடை மெஷினில் வைத்து, அதைக் கழித்தால் மீதி கேஸ் தெரிந்துவிடும்.

ஒரே ஒரு சமயத்தில் மாற்றுவது லாபம். அதே வளையத்தில் தயாரித்த மாதமும் வருஷமும் இருக்கும். அதிலிருந்து 12 வருஷம் தாண்டிவிட்டால், மறுசோதனை முத்திரை இல்லாத சிலிண்டரை நிரப்பித் தர மாட்டார்கள். வீட்டோடு வந்தது அப்படி இருந்தால் ஒரு முறை மட்டும் கூண்டில் கொடுத்து நாள் கடக்காத சிலிண்டராக வாங்கிக்கொள்ளுங்கள், அதன் பிறகு அதையே நிரப்பிக்கொள்ளலாம்.